33ஆவது மாடியில் ஒரு தட்டு சரளைக்கல்: நகரத்துப் பைரிகள்

ஆலங்கிளை (மெல்பர்ன்) | செப்டம்பர் 21, இரவு 8:40

வணக்கம். ரொம்ப நாளாக எழுத நினைத்தது, இன்றுதான் உட்கார்ந்தேன்.

மெல்பர்னில் காலின்ஸ் தெரு 367 என்பது ஓர் அலுவலகக் கோபுரம். அதன் 33ஆவது மாடி விளிம்பில் 1991இலிருந்து பைரி என்ற வேட்டைப்பறவைகள் குஞ்சு பொரிக்கின்றன. ஒரே ஜோடி இல்லை. ஒன்று மறைந்தால் வேறொன்று வந்து அதே இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. என் அலுவலகம் இரண்டு தெரு தள்ளி. இங்கே இப்போது வசந்த காலம். ஆகஸ்ட் கடைசியில் இட்ட முட்டைகள் அக்டோபர் தொடக்கத்தில் பொரியும், நவம்பரில் குஞ்சுகள் பறக்கும். மதியம் பத்து நிமிடம் கிடைத்தாலும் போய் அண்ணாந்து நிற்கிறேன். நேரலை கேமரா இருந்தும் அப்படித்தான்.

பைரி கூடு கட்டாது. குச்சி பொறுக்காது. மலைத் திட்டில் மண்ணோ பொடிக்கல்லோ இருந்தால் நெஞ்சை அழுத்திக் காலால் கீறி ஒரு குழி பண்ணும், அதில் முட்டையிடும். நகரத்துக் கட்டடத்தில் உயரம் இருக்கிறது, காற்று இருக்கிறது, கீழே புறா இருக்கிறது. கீறுவதற்கு மண் மட்டும் இல்லை. இங்கே வந்த முதல் ஜோடி தகர வடிகாலில் முட்டையிட்டது. மழைத்தண்ணீர் ஓடும் வழி அது, முட்டைகள் பிழைக்கவில்லை. அதன் பிறகு விக்டர் ஹர்லி என்ற ஆய்வாளர் அங்கே சரளை பரப்பிய தட்டு ஒன்றை வைத்தார். முப்பது வருடத்துக்கும் மேலான கதைக்கு அடியில் இருப்பது அந்தத் தட்டுதான்.

“இயற்கை நகரத்துக்குத் திரும்பிவிட்டது” என்று எழுதும்போதெல்லாம் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. அது தானாகத் திரும்பியதா, யாரோ கையை நீட்டியதால் வந்ததா? உங்கள் ஊர்களில் என்ன கதை? பொரி வல்லூறு என்று சொல்பவர்களும் ராஜாளி என்று சொல்பவர்களும் வாருங்கள், எல்லாம் இதே பறவையைப் பற்றித்தானே.

புறாமாடம் (நாகர்கோவில்) | செப்டம்பர் 21, இரவு 10:15

அக்கா, கோவிச்சுக்காதீங்க. நான் புறா வளர்க்கிறவன். மாடியில 40 புறா நிக்குது. எங்க ஊர்ல பந்தயம்னா யாரு புறா அதிக நேரம் வானத்துல நிக்குதோ அதுக்குத்தான் பரிசு. காலைல விட்டா சாயங்காலம் வரைக்கும் பொட்டு மாதிரி மேலேயே நிக்கும். அந்தப் பொட்டு மேல இன்னொரு பொட்டு வந்து விழுந்தா முடிஞ்சது. போன டிசம்பர்ல ரெண்டு போச்சு. ஒண்ணு நான் மூணு வருசம் பழக்கினது. சின்னக் குஞ்சுல கையில வச்சு ஊட்டினது.

எங்க வாயில பைரின்னு பேரே நல்ல வார்த்தையா வராது. நீங்க அதுக்குத் தட்டு வச்சுக் கொண்டாடுறீங்க. இது நியாயமான்னு கேக்கணும்னு தோணுச்சு.

ஆலங்கிளை (மெல்பர்ன்) | செப்டம்பர் 22, காலை 6:05

கோபமே இல்லை தம்பி. மூன்று வருடம் வளர்த்தது கண்ணெதிரே போவது சின்ன விஷயம் இல்லை. நீங்கள் இந்த இழையில் இருக்க வேண்டும், தயவுசெய்து போய்விடாதீர்கள்.

தேம்ஸ்கரை (லண்டன்) | செப்டம்பர் 22, மாலை 5:50

புறாமாடம் தம்பி, உங்கட கேள்வியிலதான் இந்தக் கதையின்ர சாவியே இருக்கு. கொஞ்சம் நீளமாச் சொல்லுறன்.

இரண்டாம் உலகப்போரில இங்க விமானப்படை புறாக்களைத் தூது அனுப்பப் பாவிச்சது. கடலுக்க விழுந்த விமானத்தில இருந்து உயிரைக் காப்பாத்தின புறாக்கள் இருக்கு. பைரி அதுகளைப் பிடிக்குது எண்டு 1940இல அரசாங்கமே சுடச் சொல்லி உத்தரவு போட்டது. ஏறக்குறைய 600 பைரிகள் கொல்லப்பட்டது. போர் முடிஞ்சு சட்டம் திரும்பப் பாதுகாப்புக் குடுத்த பிறகு எண்ணிக்கை மெல்லமா ஏறத் தொடங்கிச்சுது.

1960 அளவில பந்தயப் புறா வளர்க்கிறவை திரும்பவும் முறைப்பாடு குடுத்தினம். பைரி பெருகிப் போச்சு, பாதுகாப்பை எடுங்கோ எண்டு. அது உண்மையோ எண்டு எண்ணிப் பாக்கிற வேலை டெரெக் ராட்கிளிஃப் எண்ட ஆய்வாளருக்கு வந்தது. 1961, 62 இரண்டு வருசமும் ஆக்களை வைச்சு நாடு முழுக்கப் பாறைப் பாறையா எண்ணிச்சினம். பெருகேல்லை. நல்லாக் குறைஞ்சு போயிருந்தது. தெற்கு இங்கிலாந்தில கிட்டத்தட்ட ஒண்டுமில்லை. வழமையா இருக்கிற பாறைகள் வெறுமை. இருந்த சிலதும் உடைஞ்ச முட்டைகளோட.

அந்த முறைப்பாடு வந்திராட்டி அந்த எண்ணிக்கை அப்ப நடந்திராது. உங்களைப் போல புறா வளர்த்த ஆக்களின்ர கோபத்தாலதான் பைரி சாகிறது உலகத்துக்குத் தெரிஞ்சது.

பிறகு அவர் பழைய முட்டைச் சேகரிப்புகளைத் தேடிப் போனார். அந்தக் காலத்தில முட்டை ஓடு சேர்க்கிறது ஒரு பொழுதுபோக்கு, நூதனசாலையிலயும் வீட்டு அலுமாரியிலயும் நூறு வருசத்து ஓடுகள் கிடந்தது. ஒவ்வொண்டையும் நிறுத்தார், நீளம் அகலம் அளந்தார். எடையை நீளத்தாலயும் அகலத்தாலயும் பிரிச்சா ஓட்டின்ர தடிப்பு எவ்வளவு எண்டு விளங்கும், உடைக்கத் தேவையில்லை. 1947 வரைக்கும் ஒரே மாதிரி வந்த கணக்கு அதுக்குப் பிறகு சடாரெண்டு இறங்குது. சராசரி ஐந்தில ஒரு பங்கு மெலிவு. 1967இல அதை வெளியிட்டார்.

1947 எண்டா என்ன? டிடிடி எண்ட பூச்சிமருந்து வயலுக்கு வந்த காலம்.

சுண்ணாம்புச்சத்து (மதுரை) | செப்டம்பர் 23, காலை 9:20

நான் வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். தேம்ஸ்கரை விட்ட இடத்திலிருந்து கொஞ்சம் தொடர்கிறேன்.

என் சிறு வயதில் மலேரியா ஒழிப்புக்காரர்கள் ஊருக்கு வந்து வீட்டுச் சுவர்களில் டிடிடி அடித்துவிட்டு, கதவோரம் தேதி எழுதிவிட்டுப் போவார்கள். வெள்ளைப் படலத்தில் விரலால் கோடு போட்டு விளையாடியிருக்கிறோம். மலேரியாவில் பிள்ளைகள் செத்த காலம் அது. அந்த மருந்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பயிருக்கு அடித்ததுதான் மிகப் பெரிய அளவு. இந்தியாவில் 1989இல் வேளாண்மைப் பயன்பாடு தடை செய்யப்பட்டது, நோய்க் கட்டுப்பாட்டுக்கு மட்டும் விட்டுவைத்தார்கள்.

டிடிடி உடலுக்குள் டிடிஇ என்ற பொருளாக மாறுகிறது. அது தண்ணீரில் கரையாது, கொழுப்பில் தங்கும். பூச்சியைத் தின்ற குருவியில் கொஞ்சம். அப்படி நூறு குருவியைத் தின்ற பைரியில் நூறு மடங்கு சேர்கிறது. தாய்ப் பறவை சாவதில்லை. முட்டை ஓடு உருவாகும் சுரப்பியில், ரத்தத்திலிருந்து கால்சியத்தை ஓட்டுக்குக் கடத்தும் வேலையை டிடிஇ மறித்துவிடுகிறது. ஓடு மெலிகிறது. தாய் வழக்கம்போல அடைகாக்க உட்காருகிறது, அதன் எடையிலேயே முட்டை நொறுங்குகிறது.

இந்தக் கடைசி வரியைப் பாடம் நடத்தும்போது சொல்லும்போதெல்லாம் வகுப்பு அமைதியாகிவிடும். என்ன தவறு என்று தெரியாமல் அந்தப் பறவை அடுத்த வருடமும் வந்து உட்காரும்.

புறாமாடம் (நாகர்கோவில்) | செப்டம்பர் 23, இரவு 9:45

ஐயா, நீங்க எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன். தோல்முட்டை எனக்கு நல்லாத் தெரியும். புறாவுக்குச் சத்து பத்தலைன்னா ஓடு இல்லாம மெதுமெதுன்னு முட்டை வரும், இல்லைன்னா உக்காந்த உடனே உடையும். அதுக்குத்தான் நாங்க கிளிஞ்சல் பொடியும் செங்கல் தூளும் வைக்கிறோம். பத்து நாள்ல சரியாயிடும்.

அந்தப் பைரிகளுக்கு யாராவது கிளிஞ்சல் பொடி வச்சிருந்தா பிழைச்சிருக்குமா?

சுண்ணாம்புச்சத்து (மதுரை) | செப்டம்பர் 24, காலை 7:30

அருமையான கேள்வி தம்பி. பிழைத்திருக்காது. உங்கள் புறாவுக்கு வீட்டில் அரிசி இல்லை, நீங்கள் கொண்டுவந்து போடுகிறீர்கள், சரியாகிறது. பைரிக்குக் குதிர் நிறைய நெல் இருந்தது. குதிரிலிருந்து அடுப்புக்குக் கொண்டுபோகும் வழிதான் அடைபட்டிருந்தது. எவ்வளவு கொட்டினாலும் ஓட்டுக்குப் போகாது. விஷத்தை நிறுத்துவதைத் தவிர வழியில்லை.

புறாமாடம் (நாகர்கோவில்) | செப்டம்பர் 24, இரவு 8:10

புரிஞ்சுது ஐயா. எதிரியா இருந்தாலும் அடைக்கு உக்காந்த தாய்க்கு அப்படி நடக்கக் கூடாது.

கோதண்டம் (நியூ ஜெர்சி) | செப்டம்பர் 26, இரவு 11:00

அமெரிக்கப் பக்கத்தை நான் சேர்க்கிறேன். 1964இல் மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே பழைய கூட்டிடங்களைத் தேடிப்போனவர்கள் ஒரு ஜோடியைக்கூடக் காணவில்லை. ஒன்றுகூட இல்லை. அடுத்த வருடம் ஜோசஃப் ஹிக்கி என்ற ஆய்வாளர் விஸ்கான்சினில் ஒரு கூட்டம் கூட்டினார், அதில்தான் பல நாட்டுக்காரர்களும் ஒரே கதையைச் சொன்னார்கள்.

1970இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டாம் கேட் கூண்டில் பைரி வளர்க்கும் வேலையைத் தொடங்கினார். கூண்டில் இது இனப்பெருக்கம் செய்யாது என்றே பலர் நம்பினார்கள். வேட்டைக்குப் பைரி பழக்குபவர்கள் தங்கள் சொந்தப் பறவைகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். 1972இல் டிடிடி தடை. 1973இல் கார்னெலில் 20 குஞ்சுகள். பறக்கப் போகும் வயதில் குஞ்சுகளை உயரத்தில் ஒரு பெட்டியில் வைத்து, மனித முகம் தெரியாமல் குழாய் வழியாக இரை போட்டு, சில நாளில் கதவைத் திறந்துவிடுவார்கள். பறந்து பழகி, வேட்டையும் பழகும்வரை இரை வந்துகொண்டிருக்கும். வேட்டைப்பறவை பழக்குபவர்களின் பல நூற்றாண்டுப் பழைய வித்தை இது.

ஆலங்கிளை அக்காவின் கேள்விக்கு இங்கேதான் பதில் என்று நினைக்கிறேன். பழைய மலைப்பாறைகளில் விட்ட குஞ்சுகளைக் கொம்பு ஆந்தை இரவில் வந்து அடித்துக்கொண்டு போனது. காவலுக்குத் தாய் இல்லையே. அதனால் ஆந்தை வராத இடமாகத் தேடிக் கடற்கரைக் கோபுரங்களிலும் நகரக் கட்டடங்களிலும் வைத்தார்கள். தான் பறக்கப் பழகிய இடத்தைப் போன்ற இடத்தைத்தான் பைரி பின்னால் கூட்டுக்குத் தேடும். ஆகவே இங்குள்ள நகரப் பைரிகளில் பெரும்பகுதி, ஆந்தைக்குப் பயந்து நாம் மாடியில் ஏற்றிவிட்டவற்றின் வாரிசுகள்.

பால்டிமோரில் ஸ்கார்லெட் என்று ஒரு பெண் பைரி. கூண்டில் பிறந்து விடப்பட்டது. 1970களின் கடைசியில் ஒரு காப்பீட்டு நிறுவனக் கோபுரத்தின் 33ஆவது மாடியைப் பிடித்துக்கொண்டது. அதுவும் 33! துணை இல்லை. கருக்கொள்ளாத முட்டையை இட்டு உட்கார்ந்திருக்கும். கார்னெல்காரர்கள் அதன் அடியில் வளர்ப்புக் குஞ்சுகளை வைத்தார்கள். தன் குஞ்சாகவே வளர்த்தது. இப்படிப் பல வருடம். 1984இல்தான் அதற்குச் சொந்தக் குஞ்சு. அதே வருடம் இறந்தும்போனது.

1983இல் நியூயார்க்கின் வெரசானோ பாலத்திலும் த்ராக்ஸ் நெக் பாலத்திலும் ஜோடிகள் கூடு கொண்டன. 1999 ஆகஸ்டில் அமெரிக்காவின் அழியும் நிலையிலுள்ள உயிரினங்கள் பட்டியலிலிருந்து பைரியை எடுத்தார்கள்.

தட்டு விஷயத்தில் மெல்பர்னுக்கு மூத்தது மான்ட்ரியால். சன் லைஃப் கட்டடத்தில் 1936இல் ஒரு ஜோடி வந்தது, முட்டைகள் பாழாகிக்கொண்டே இருந்தன. 1940இல் மணலும் சரளையும் போட்ட தட்டு வைத்தார்கள். 1952 வரை 20க்கு மேற்பட்ட குஞ்சுகள் அதிலிருந்து பறந்தன. டிடிடிக்கு முன்பே நகரம் அதற்குப் பிடித்துத்தான் இருந்தது.

விதைநெல் (கோவை) | செப்டம்பர் 27, காலை 10:40

எனக்கு ஓர் உறுத்தல். கிழக்கு அமெரிக்காவில் இருந்த இனம் அழிந்துபோனபின் விடப்பட்டவை ஸ்காட்லாந்து, ஸ்பெயின், சிலி, ஆஸ்திரேலியா என்று ஏழு துணையினங்களின் கலப்பு. அப்படியென்றால் திரும்பி வந்தது பழைய பறவையா? இந்தச் சந்தோஷத்தில் போனது போனதுதான் என்பதை மறக்கிறோமோ?

கோதண்டம் (நியூ ஜெர்சி) | செப்டம்பர் 27, இரவு 9:30

நியாயமான உறுத்தல். அந்தக் காலத்திலேயே இது பெரிய வாதமாக நடந்தது. பழையது திரும்பவில்லை, உண்மை. பாறையும் புறாவும் காற்றும் எந்தக் கலப்பு பிழைக்கும் என்று தேர்ந்தெடுக்கட்டும் என்றுதான் விட்டார்கள். எனக்கு அது சரியாகவே படுகிறது. வெறும் பாறையை வெறுமையாகவே வைத்துப் பழையதற்குத் துக்கம் காப்பதைவிட இது மேல்.

பூவரசு (பெர்க்லி பக்கம்) | செப்டம்பர் 30, இரவு 7:15

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எழுதாமல் இருக்க முடியவில்லை.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மணிக்கூண்டு, 94 மீட்டர். 2016 கடைசியில் ஆனி என்று பெயரிட்ட பெண் வந்தது, அடுத்த வசந்தத்தில் கிரின்னல் என்ற ஆணோடு முட்டை. அங்குள்ள விலங்கியல் அருங்காட்சியகத்தை நிறுவிய ஆனி அலெக்சாண்டர், அதன் முதல் இயக்குநர் ஜோசஃப் கிரின்னல் இருவர் பெயர். முதல் முட்டைகளை மணல் மூட்டை மேல் இட்டது. பிறகு அங்கேயும் சரளைத் தட்டு!

2021 அக்டோபரில் வேறு பைரிகள் கிரின்னலை அடித்துக் காயப்படுத்தின. வனவிலங்கு மருத்துவமனையில் வைத்துத் தேற்றி நவம்பரில் விட்டார்கள், திரும்ப ஆனியிடம் வந்துவிட்டது. 2022 பிப்ரவரியில் ஆனியைக் காணோம், இறந்துவிட்டது என்றே முடிவு கட்டினார்கள். ஒரு வாரத்தில் திரும்பி வந்தது. முட்டையிட்டது. மார்ச் 31 அன்று கிரின்னல் ஊருக்குள் சாலையில் இறந்து கிடந்தது, வண்டி அடித்திருக்கலாம். முட்டைகள் தட்டில்.

அன்றைக்கே புதிதாக ஓர் ஆண் வந்தது. நான் அலுவலகத்தில் திரையைத் திறந்து வைத்திருந்தேன். தனக்குப் பிறக்காத முட்டைகள் மேல் போய் உட்கார்ந்தது. ஆல்டன் என்று பெயர் வைத்தார்கள். மே மாதம் குஞ்சு பொரிந்தது, இரை கொண்டுவந்து வளர்த்தது. அந்த வருடம் என் அப்பா தவறியிருந்தார். இதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை, அந்த ஏப்ரல் முழுக்க நான் அந்தத் திரையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

2025 ஜனவரியில் ஆனியும் அப்போதைய துணையும் இல்லை என்று அறிவித்தார்கள். பறவைக் காய்ச்சலாக இருக்கலாம் என்றார்கள்.

விதைநெல் (கோவை) | அக்டோபர் 1, காலை 8:00

பூவரசு, அப்பாவுக்காக வருந்துகிறேன். பெயர் வைப்பதையும் கேமரா வைப்பதையும் கேள்வி கேட்டு எழுதுவதாக இருந்தேன். இதற்குக் கீழே அதை எழுத மனமில்லை. ஒன்று மட்டும்: குஞ்சு பசியில் கிடக்கும்போது பார்க்கிறவர்கள் “யாராவது போய் இரை வையுங்கள்” என்று எழுதுகிறார்களே, அங்கே எல்லை எது?

ஆலங்கிளை (மெல்பர்ன்) | அக்டோபர் 1, மாலை 6:30

எனக்குள்ள எல்லை இதுதான். நம் கட்டடத்தால் வந்த கேட்டை நாம் சரி செய்யலாம். வடிகாலில் முட்டை என்றால் தட்டு வைக்கலாம். பறக்கப் பழகும் குஞ்சு கண்ணாடியில் மோதித் தெருவில் விழுந்தால் எடுத்து மறுபடி மாடியில் விடலாம். பசியும் போட்டியும் அதன் சொந்த வாழ்க்கை, அதில் கை வைக்கக் கூடாது. இரவெல்லாம் பார்த்து அழுதுவிட்டும் இதைத்தான் சொல்கிறேன்.

தேம்ஸ்கரை (லண்டன்) | அக்டோபர் 4, இரவு 9:00

நகரத்தில அது என்ன சாப்பிடுது எண்டதையும் சொல்லவேணும். புறாதான் கூட. ஆனா இங்க தேவாலயக் கோபுரங்களுக்குக் கீழ பொறுக்கின இறகுகளில காட்டுக்கோழி மாதிரி மறைஞ்சு வாழுற காட்டு உள்ளான், முக்குளிப்பான் எல்லாம் இருக்கு. இதுகள் இரவில வலசை போற பறவைகள். நகர வெளிச்சம் அடிவயிற்றில பட்டு வெள்ளையாத் தெரியேக்க, கோபுரத்தில காத்திருக்கிற பைரி இருட்டிலயே ஏறிப் பிடிக்குது. டார்பி தேவாலயக் கேமராவில உயிரோட உள்ளானைக் கொண்டுவாறது பதிவாகியிருக்கு.

கொரோனா ஊரடங்கில லண்டனில தெருவில ஆக்கள் இல்லை, சிந்துற சாப்பாடு இல்லை, புறாவும் கலைஞ்சிட்டுது. அந்த நேரம் கேமராக்களைப் பாத்து எண்ணினவை, பைரி புறாவைக் குறைச்சு ஸ்டார்லிங்கும் பச்சைக்கிளியும் கூடப் பிடிச்சதைக் கண்டினம். பச்சைக்கிளி எண்டா எங்கட ஊர்க் கிளிதான், கூண்டில இருந்து தப்பி இங்க பெருகினது. வீட்டு முற்றத்தில கேட்ட அதே கீச்சொலி இங்க பூங்காவில கேக்கும்.

சிகிரியாப் பாறையில எங்கட நாட்டு ஷாஹீன் பைரியை ஒருக்காப் பாத்தனான். நெஞ்சு செங்கல் நிறம். சுற்றுலா வந்த சனம் முழுக்க ஓவியத்தைப் பாக்குது, நான் மேல பாத்துக்கொண்டு நிண்டன்.

மலைக்கோட்டை (திருச்சி) | அக்டோபர் 6, காலை 6:50

நம் பக்கம் இரண்டு வகை வருவதைப் புறாமாடம் கவனித்திருப்பார். ஷாஹீன் இங்கேயே மலைப் பாறைகளில் வாழ்வது, சிறியது, நெஞ்சு செம்மை. இன்னொன்று ஆர்க்டிக் பக்கத்திலிருந்து குளிர்காலத்துக்கு வருவது, பெரியது, நெஞ்சு வெளுப்பு. கோயில் கோபுரம், செல்ஃபோன் கோபுரம், தண்ணீர்த் தொட்டி என்று உயரமான இடமாகப் பார்த்து உட்காரும். டிசம்பரில் உங்கள் புறாவை அடித்தது நெஞ்சு வெளுத்ததா?

புறாமாடம் (நாகர்கோவில்) | அக்டோபர் 6, இரவு 10:30

வெளுப்புதான் அண்ணாச்சி. அவ்வளவு தூரத்துல இருந்தா வருது?

மலைக்கோட்டை (திருச்சி) | அக்டோபர் 7, காலை 6:40

சைபீரியாவின் வடகோடியிலிருந்து. போகும்போதும் அதே தூரம்.

ஆலங்கிளை (மெல்பர்ன்) | நவம்பர் 18, இரவு 9:10

இங்கே குஞ்சுகள் விளிம்பை விட்டுப் போய்விட்டன. தட்டு காலியாக இருக்கிறது. சரளையில் குழி மட்டும் அப்படியே தெரிகிறது.

புறாமாடம் (நாகர்கோவில்) | டிசம்பர் 9, இரவு 8:25

அக்கா, வந்துடுச்சு. எங்க வீட்டுக்கு மேற்கால செல்ஃபோன் டவர்ல, மேல இருந்து ரெண்டாவது கம்பில. முந்தாநாள்ல இருந்து உக்காந்திருக்கு. இத்தனை வருசமா வானத்துல பாய்ஞ்சு வரும்போதுதான் பாத்திருக்கேன், உக்காந்து பாத்ததே இல்ல. பக்கத்து வீட்டுப் பையன் பைனாகுலர் கொடுத்தான். கண்ணைச் சுத்தி மஞ்சள், கன்னத்துல கறுப்பு மீசை. நெஞ்சு வெளுப்பு.

புறாவை நான் ரெண்டு நாளா விடல. கூண்டுக்குள்ளயே கிளிஞ்சல் வச்சு வச்சிருக்கேன். பந்தயத்துக்கு இன்னும் நாள் இருக்கு.

மலைக்கோட்டை அண்ணாச்சி, இது எப்போ திரும்பிக் கிளம்பும்?

மலைக்கோட்டை (திருச்சி) | டிசம்பர் 10, காலை 6:30

மார்ச், மிஞ்சினால் ஏப்ரல். கடைசியாகப் பார்த்த தேதியைக் குறித்து வைத்து இங்கே எழுதுங்கள்.